மரபணு நோய்க்கும் வளர்சிதை மாற்ற நோய்க்கும் விலங்கு மாதிரி: கொங்கு நாட்டு ஆய்வு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறும் பாதையில் இரண்டு வேறு நோய்களின் நிலங்கள் அடுத்தடுத்து வருகின்றன. மேலே, நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாளணு சோகை இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் முதன்முதலில் எழுதினர். இந்தியாவில் அந்நோயைப் பற்றிய மிக முந்தைய பதிவுகளில் அது ஒன்று. கீழே, கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் சர்க்கரை நோயாளி இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முன்னது ஒரே மரபணுவில் ஒரே எழுத்து மாறுவதால் வருவது. பின்னது பல மரபணுக்களும் உணவும் வயதும் உடலுழைப்பும் சேர்ந்து உருவாக்குவது. இவ்விரண்டையும் விலங்கு மாதிரியில், அதாவது அந்நோயை ஒரு விலங்கில் வரவழைத்து, ஆராய வரும் முதுகலை மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன்தான் என்னிடம் வருகிறார்கள்: "நம் விலங்குக்கூடத்தில் எந்த எலி இருக்கிறது?" அந்தக் கேள்வியைப் பத்தாவது இடத்திற்குத் தள்ளிவைப்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கிடைக்கும் விலங்குக்கு ஏற்றபடி கேள்வியை வளைத்தால் விலங்கின் உயிரும் வீண், மாணவரின் இரண்டாண்டு உழைப்பும் வீண்.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

எந்த மரபணு அல்லது எந்த வளர்சிதை வழி, எந்த உறுப்பில், எந்த வயதில், எதை அளந்தால் விடை தெரியும் என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். "சர்க்கரை நோயில் இந்த மூலிகையின் பயனை ஆராய்தல்" என்பது கேள்வி ஆகாது. "கொழுப்பு மிகுந்த தீனியால், இன்சுலின் சுரந்தும் அதற்கு இணங்காத எலியின் கல்லீரல், இந்தச் சாற்றைக் கொடுத்த பிறகு குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறதா" என்பதே கேள்வி. இப்படி எழுதியவுடன் எந்த விலங்கு வேண்டும், அதை எப்படி நோய்ப்படுத்த வேண்டும், எத்தனை வாரம் ஆகும் என்பவை பாதிக்கு மேல் தாமாகவே தெளிவாகிவிடும்.

இரண்டாம் படி: விலங்கு எந்த இடத்தில் மனிதனை விட்டுப் பிரிகிறது என்று தேடுங்கள்

மாணவர்கள் அதிகம் தவிர்க்கும் படியும், நான் அதிகம் வற்புறுத்தும் படியும் இதுதான். ஒரு விலங்கு மனிதனை எவ்வாறெல்லாம் ஒத்திருக்கிறது என்பதை எல்லா ஆய்வேடுகளும் முன்னுரையில் சொல்லிவிடுகின்றன. அது எந்தப் படியில் பிரிகிறது என்று சொல்பவை மிகக் குறைவு.

சில உதாரணங்களைப் பார்ப்போம். எச்பிஆர்டி என்ற நொதி இல்லாமல் பிறக்கும் மனிதக் குழந்தைக்கு யூரிக் அமிலம் பெருகுகிறது. தன் உதட்டையும் விரல்களையும் தானே கடித்துக் கிழிக்கும் கொடிய நடத்தையும் தோன்றுகிறது. 1987-இல் அதே நொதியை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை நலமாகவே இருந்தன. யூரிக் அமிலத்தை மேலும் சிதைக்கும் யூரிகேஸ் நொதி சுண்டெலிக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை; மூளையின் வேதியியலிலும் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. கேலக்டோஸைக் கையாளும் நொதி இல்லாத மனிதச் சிசு தாய்ப்பால் குடித்தே உயிருக்குப் போராடும். அந்த நொதி நீக்கப்பட்ட சுண்டெலியோ கேலக்டோஸ் கலந்த தீனியிலும் தாக்குப்பிடித்தது. கொலஸ்ட்ராலை எடுத்துக்கொண்டால், சுண்டெலிக்கு சிஇடிபி என்னும் கொழுப்பு மாற்றுப் புரதம் இல்லை. ஆகவே அதன் ரத்தக் கொழுப்பின் பெரும்பகுதி, நாம் நல்ல கொழுப்பு என்று சொல்லும் வடிவத்திலேயே செல்கிறது. பரம்பரை மிகைக் கொலஸ்ட்ராலை ஆராய்வோர் முயலை நாடியதற்கு இதுவே காரணம். ஜப்பானின் கோபே நகரில் யோஷியோ வத்தனபே 1973-இல் தற்செயலாகக் கண்ட ஒரு முயலிலிருந்து பெருக்கிய வத்தனபே முயல்களுக்கு, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் எடுக்கும் ஏற்பியில் பிறவிக் குறை இருக்கிறது. மனிதக் குடும்பங்களில் காண்பதும் அதே குறைதான்.

அரிவாளணு சோகையிலும் இத்தகைய பிரிவு உண்டு. இன்று பெரிதும் பயன்படும் டவுன்ஸ் சுண்டெலியில் எலியின் ஹீமோகுளோபின் மரபணுக்களை எடுத்துவிட்டு மனித மரபணுக்களை வைத்திருக்கிறார்கள். அதன் சிவப்பணு உண்மையாகவே அரிவாளாக வளைகிறது, சோகை வருகிறது, உறுப்புகள் கெடுகின்றன. ஆனால் நோயுற்ற மனிதக் குழந்தையின் மண்ணீரல் காலப்போக்கில் சுருங்கிச் செயலிழக்க, சுண்டெலியின் மண்ணீரலோ ரத்தம் உற்பத்தி செய்யும் உறுப்பாகவும் இருப்பதால் வீங்கிப் பெரிதாகிறது. இம்மாதிரியைக் கொண்டு ரத்தச் சிதைவை ஆராயலாம், மரபணு மருத்துவத்தை ஆராயலாம். மண்ணீரல் செயலிழந்த குழந்தைக்கு வரும் தொற்றுகளை ஆராய இது பொருந்தாது.

இந்த எல்லையை அறிந்து கேட்டால் பெரிய விடையும் கிடைக்கும் என்பதற்கு இந்நோயே சான்று. கருவில் இருக்கும்போது நாம் சுரக்கும் ஹீமோகுளோபினைப் பிறந்தபின் அணைத்து வைப்பதில் பிசிஎல்11ஏ என்ற மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு. அதைச் சிவப்பணு வரிசையில் முடக்கினால் அரிவாளணுச் சுண்டெலியின் நோய் சீராகிறது என்று 2011-இல் காட்டினார்கள். அதே மரபணுவைச் சிவப்பணு வரிசையில் மட்டும் தணிக்கும்படி, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவி கொண்டு செய்யும் சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அந்தச் சிகிச்சை நம் மலைக் கிராமங்களை எட்டும் விலையில் இன்னும் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

மூன்றாம் படி: நோயை எந்த வழியில் கொண்டுவரப் போகிறீர்கள்?

வழிகள் நான்கு. தானாகத் தோன்றிய மரபணுத் திரிபு, ஆய்வகத்தில் செய்து வைத்த திரிபு, வேதிப்பொருள், தீனி.

தானாகத் தோன்றியவற்றில் புகழ்பெற்றது 1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் பிறந்த, ஓபி எனப்படும் கொழுத்த சுண்டெலி. பின்னர் 1966-இல் டிபி என்ற இன்னொரு கொழுத்த வகையும் விவரிக்கப்பட்டது. டக்ளஸ் கோல்மன் இவற்றின் ரத்த ஓட்டங்களை இணைத்துப் பார்த்தார். டிபி எலியோடு இணைத்த ஓபி எலி உண்ணாமல் மெலிந்து இறந்தது. பசியை அடக்கும் ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது, ஓபிக்கு அப்பொருள் இல்லை, டிபிக்கு அதைக் கேட்கும் செவி இல்லை என்று அவர் ஊகித்தார். 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் மரபணுவைக் கண்டபோது அந்த ஊகம் மெய்யானது. எனினும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். லெப்டினே இல்லாத மனிதர்கள் மிகமிக அரியவர்கள். உடல் பருத்த பெரும்பாலோருக்கு லெப்டின் மிகுந்தே இருக்கிறது. எனவே ஓபி எலி ஓர் அரிய நோய்க்கு நேரான மாதிரி, பொதுவான பருமனுக்கு அரைகுறை மாதிரி. நம் நாட்டிலேயே ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் உருவான டபிள்யூஎன்ஐஎன் ஓபி என்னும் கொழுத்த எலி வரிசை ஒன்று உண்டு. வெளிநாட்டு வரிசையை வரவழைக்கும் முன் அதைப் பற்றிப் படித்துப் பாருங்கள்.

செய்து வைத்த திரிபுகளுக்கான வழியைத் திறந்த கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிரிஸ்பர் வந்தபின் ஆண்டுக்கணக்கில் ஆன வேலை மாதக்கணக்கில் முடிகிறது. எளிதாகிவிட்டதாலேயே அதைச் செய்துவிடக் கூடாது. உலகின் சேமிப்பகங்களில் அந்த வரிசை ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.

வேதிப்பொருள் வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதி மருந்தியல் கல்லூரிகளில் நடக்கும் ஆய்வுகளில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை இதைத்தான் நம்புகின்றன. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை முதல் பக்கத்தில் எழுதி, ஆவாரம்பூச் சாற்றையோ சிறுகுறிஞ்சானையோ எலிக்குக் கொடுத்து, சர்க்கரை குறைந்தது என்று முடிக்கும் ஆய்வேடுகளை நான் ஏராளமாகப் படித்திருக்கிறேன். அவற்றில் எலிக்கு நோய் வரவழைத்தது ஒரே பெரிய அளவு ஸ்ட்ரெப்டோஸோடோசின். இந்தப் பொருள் குளுக்கோஸ் நுழையும் வாயில் வழியாகவே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் நுழைந்து அதைக் கொல்கிறது. விளைவது இன்சுலின் இல்லாமை; நம் தெருவில் இருக்கும் பெரும்பாலோரின் நோய் அதுவன்று. மேலும், இந்த ஆய்வுகளில் ஒப்பீட்டு மருந்தாகக் கிளிபென்கிளமைடு கொடுக்கப்படுவது வழக்கம். அது உயிருள்ள பீட்டா செல்லைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. செல்கள் உண்மையாகவே அழிந்திருந்தால் அது வேலை செய்யாது. வேலை செய்தது என்றால் செல்கள் அழியவில்லை. இரண்டில் எது நடந்தது என்று இன்சுலினை அளந்தோ கணையத் திசுவை வெட்டிப் பார்த்தோ சொல்லாத ஆய்வேடு எதையும் நிறுவியதாகாது.

இன்சுலினுக்கு உடல் இணங்காமையில் தொடங்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயே உங்கள் கேள்வி என்றால், தீனியையும் சிறு அளவு வேதிப்பொருளையும் சேர்ப்பது இதைவிடப் பொருத்தமானது. மொஹாலியில் உள்ள தேசிய மருந்துக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005-இல் விவரித்த முறையில், ஸ்ப்ரேக் டாலி என்ற ஆய்வக வரிசை எலிகளுக்கு இரண்டு வாரம் கொழுப்புத் தீனி கொடுத்து, பிறகு கிலோவுக்கு 35 மி.கி. ஸ்ட்ரெப்டோஸோடோசின் மட்டும் செலுத்துகிறார்கள். முதலில் இணக்கமின்மை, அதன்மேல் சுரப்புக் குறைவு என்ற வரிசை மனித நோயின் வரிசையை ஒத்திருக்கிறது.

தீனி மட்டுமே என்றால், கலோரியில் 60 விழுக்காடு கொழுப்பாக உள்ள தீனியைச் சி57பிஎல்/6ஜே என்ற வரிசைச் சுண்டெலிக்குப் பல வாரங்கள் கொடுப்பது வழக்கம். அது மேலைநாட்டுத் தட்டை நினைத்துச் செய்த தீனி. சோற்றையும் மாவுச்சத்தையும் பெரும்பங்காக உண்டு, உடல் மெலிந்தும் வயிறு மட்டும் பருத்தும் இருக்கும் நம் நோயாளியை அது குறிக்கவில்லை. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது 2015-இல் வெளியான ஓர் ஆய்வு. விஸ்டார் என்ற ஆய்வக வரிசை எலிகளை 50 தலைமுறை குறைவுணவில் வளர்த்தபோது, குட்டிகள் எடை குறைந்து பிறந்தன, வயிற்றுக் கொழுப்பு கூடியது, இன்சுலின் இணக்கம் கெட்டது. அதன்பின் இரண்டு தலைமுறைக்கு நல்ல உணவு கொடுத்தும் அது சீராகவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் கோயம்புத்தூரும் அடங்கும். எலியில் கண்டதை அப்படியே நம் பாட்டன் பூட்டன்மீது ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனால் இந்த மண்ணிலிருந்து கேட்கத்தக்க கேள்வி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

நான்காம் படி: பாலூட்டி தேவைதானா?

ரஸ்ஸல், பர்ச் இருவரும் 1959-இல் சொன்ன மூன்று கடமைகள் மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என்பவை. மாற்று என்றவுடன் கணினியையும் செல் வளர்ப்பையும் மட்டும் நினைக்க வேண்டாம். வரிமீனின் (ஜீப்ராஃபிஷ்) கரு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு அதில் இணை உண்டு. பழ ஈ 25 டிகிரியில் பத்து நாளில் ஒரு தலைமுறையை முடித்துவிடுகிறது. சர்க்கரை மிகுந்த உணவில் வளரும் அதன் புழு இன்சுலினுக்கு இணங்காத நிலையை அடைகிறது.

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இவற்றைவிட அருகில் பட்டுப்புழு இருக்கிறது. கோபிசெட்டிபாளையத்திலும் உடுமலையிலும் மல்பெரித் தோட்டத்தோடு புழு வளர்ப்பு மனையும் வைத்திருக்கும் உழவர்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அந்தப் புழு மனித நோய்க்கு மாதிரியாகும் என்பதை நம் மாணவர்களில் பலர் அறியவில்லை. புழுவின் தோல் வெண்மையாக இருப்பது அதில் படியும் யூரிக் அமிலத் துகள்களால்தான். அந்த அமிலத்தை உருவாக்கும் சாந்தின் நொதிவழி கெட்ட திரிபுப் புழுக்கள் எண்ணெயில் தோய்ந்ததுபோல் ஒளி ஊடுருவும் தோலோடு பிறக்கின்றன. மனிதரில் சாந்தினூரியா என்னும் அரிய நோய்க்கு அடிப்படை இதே வழியின் கோளாறுதான். மஞ்சள் நிறத்தால் எலுமிச்சை என்று பெயர்பெற்ற திரிபு வகை, செப்பியாப்டெரின் ரிடக்டேஸ் குறைபாடு என்ற மனிதக் குழந்தை நோய்க்கு மாதிரியாக முன்வைக்கப்பட்டுள்ளது. சர்க்கரை நோய்க்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். குளுக்கோஸ் கலந்த தீனியைத் தின்ற புழுவின் உடல்நீரில் சர்க்கரை ஏறுகிறது, வளர்ச்சி குன்றுகிறது. மனித இன்சுலினைச் செலுத்தினால் சர்க்கரை இறங்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். நூறு சாறுகளை வடிகட்டி ஐந்தாகக் குறைக்கும் முதல் சல்லடையாக இதை நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. புழுவுக்குக் கணையமும் இல்லை, கல்லீரலும் இல்லை. கொழுப்புத் திசு ஒன்றே பல வேலைகளைச் செய்கிறது, அதன் உடல்நீரின் முதன்மைச் சர்க்கரை ட்ரெஹலோஸ். அடுத்தது, உழவருக்குத் தரப்படுவது கலப்பின முட்டை. மரபணுக் கேள்விக்குத் தூய வரிசை வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து இலையில் படிந்திருந்தால் எல்லாக் குழுக்களும் ஒன்றாகச் சாகும் என்பதை எந்த உழவரைக் கேட்டாலும் சொல்வார்.

ஐந்தாம் படி: ஒப்புதல்

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998-இன் விதிகளும் இங்கே ஆளுகின்றன. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவில் விலங்காய்வுகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழு நியமிக்கும் ஒருவர், கால்நடை மருத்துவர், வெளி நிறுவன அறிவியலாளர், அறிவியல் சாராத சமூக உறுப்பினர் ஆகியோர் இருப்பார்கள். மரபணு மாற்றிய விலங்கு என்றால் 1989 விதிகளின்படி உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் வேண்டும். விண்ணப்பத்தில் இரண்டாம் படியில் எழுதிய "பிரியும் இடத்தை" அப்படியே எடுத்து எழுதுங்கள். குழுவின் கேள்விகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆறாம் படி: எண்ணிக்கை, குலுக்கல், மறைப்பு

எதிர்பார்க்கும் வேறுபாடும் அளவீட்டின் சிதறலும் தெரிந்தால் எத்தனை விலங்கு வேண்டும் என்று சொல்லும் புள்ளியியல் திறன் கணக்கைப் போடுங்கள். தெரியாதபோது மொத்த விலங்குகளிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் 10-க்கும் 20-க்கும் இடையே வரவேண்டும் என்ற எளிய விதி உதவும். நான்கு குழுவில் ஆறு ஆறாக 24 என்றால் 20 வருகிறது, போதும்.

மரபணு வரிசையைப் பெருக்குவோர் மெண்டலின் விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒற்றைப் பிரதித் திரிபுள்ள பெற்றோருக்குப் பிறக்கும் குட்டிகளில் நான்கில் ஒன்றே இரட்டைப் பிரதி பெறும். உங்களுக்கு அத்தகைய குட்டி 12 வேண்டுமென்றால் ஏறத்தாழ 48 பிறக்க வேண்டும். அவற்றில் ஆணை மட்டும் எடுப்பேன் என்றால் 96. ஆண், பெண் இரண்டையும் வடிவமைப்பில் சேர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. உடன்பிறந்த இயல்பான குட்டிகளே சிறந்த ஒப்பீட்டுக் குழு. கடையில் வாங்கிய எலியை அருகில் வைப்பது ஒப்பீடாகாது.

திரிபைத் தவிர விலங்கிடம் உள்ள மற்ற மரபணுக்களின் தொகுப்பான மரபணுப் பின்னணியை அசட்டை செய்யாதீர்கள். அதே ஓபி திரிபு பிஎல்6 என்ற சுண்டெலி வரிசையின் பின்னணியில் லேசான சர்க்கரையோடு நிற்கிறது. பிஎல்கேஎஸ் என்ற வரிசையின் பின்னணியில் கடும் சர்க்கரை நோயாகிறது. ஒரே காளையின் கன்று காங்கேயம் பசுவிடம் ஒரு விதமாகவும் சீமைப் பசுவிடம் வேறு விதமாகவும் தேறுவதைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் சிரமப்பட்டதே இல்லை. பின்னணியைச் சீராக்க, வேண்டிய வரிசையோடு பத்துத் தலைமுறை மறுகலப்பு செய்வது மரபு.

எந்தக் கூண்டு எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். அளப்பவருக்குக் குழு தெரியக் கூடாது.

ஏழாம் படி: கூடமும் அளவீடும்

சுண்டெலி அறையைப் பொதுவாக 22 டிகிரியை ஒட்டி வைக்கிறோம். சுண்டெலி சிரமமின்றி இருக்கும் வெப்பமோ ஏறத்தாழ 30 டிகிரி. ஆகவே நம் அறையில் அது எப்போதும் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே ஆற்றலைச் செலவிடுகிறது. பருமனை ஆராய்வோர் இதை மறந்தால் முடிவு மாறும். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் ஏப்ரல் மாத இரவொன்றில் மின்சாரம் நின்று, மாற்று மின்னாக்கியும் ஓடாமல், அறை விடியும்வரை வெந்தது. ஒன்பது வாரத் தீனி ஆய்வு அன்றோடு முடிந்தது. எலிகள் தீனியைத் தொடவில்லை, இரண்டு இறந்தன. அந்த இரண்டையும் நான் மறக்கவில்லை. வெப்பப் பதிவுமானி ஒவ்வொரு அறையிலும் இருக்க வேண்டும். எல்லை மீறினால் ஒருவரின் கைப்பேசி இரவிலும் ஒலிக்க வேண்டும்.

குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனைக்குச் சுண்டெலியைக் காலையில் ஆறு மணி நேரம் பட்டினி வைத்தால் போதும். இரவு முழுவதும் வைத்தால், இரவில் உண்ணும் அவ்விலங்குக்கு அது நாள் முழுப் பட்டினியாகி, கல்லீரலின் கிளைக்கோஜன் தீர்ந்து, வேறொரு நிலையை அளப்பீர்கள். கிலோவுக்கு 2 கிராம் குளுக்கோஸை ஊசியால் வயிற்றறைக்குள் (இரைப்பைக்குள் அன்று) செலுத்தி, தொடக்கத்திலும் 15, 30, 60, 120 நிமிடங்களிலும் வால் நுனியிலிருந்து ஒரு துளி எடுங்கள். 25 கிராம் சுண்டெலியின் மொத்த ரத்தமே ஏறத்தாழ 2 மி.லி.; ஒரு நேரத்தில் அதில் பத்திலொரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஸ்ட்ரெப்டோஸோடோசினை பிஎச் 4.5 சிட்ரேட் கரைசலில் கரைத்தவுடன் செலுத்திவிட வேண்டும். மேசையில் காத்திருக்கும் கரைசல் வீரியம் இழந்துகொண்டே போகும், கடைசி எலிக்கும் முதல் எலிக்கும் ஒரே அளவு போய்ச் சேராது. பெரிய அளவு கொடுத்திருந்தால், இறக்கும் செல்கள் கொட்டும் இன்சுலினால் சர்க்கரை வீழும். முதல் நாள் இரவு சர்க்கரை நீர் வைக்காவிட்டால் காலையில் விலங்கு இருக்காது.

விலங்கின் துன்பம் எந்த அளவை எட்டினால் ஆய்வை நிறுத்துவோம் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். எடை 20 விழுக்காடு குறைவது பலரும் ஏற்கும் எல்லை. சர்க்கரை எலி ஓயாமல் சிறுநீர் கழிப்பதால் அதன் படுகையை நாள்தோறும் மாற்ற வேண்டும். விடுமுறை நாளில் யார் வருவார் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

எட்டாம் படி: எழுதுவதும் பகிர்வதும்

விலங்கின் வரிசை, பால், வயது, தீனியின் பெயர், அறை வெப்பம், குலுக்கிய முறை, ஆய்விலிருந்து விலக்கிய விலங்குகள், விலக்கிய காரணம் என எல்லாவற்றையும், விலங்காய்வை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் வழிகாட்டு நெறிகள் கேட்கின்றன. 2020-இல் திருத்தப்பட்ட வடிவத்தைப் பின்பற்றுங்கள். சாறு வேலை செய்யவில்லை என்றால் அதையும் வெளியிடுங்கள். வெளியிடாவிட்டால் அடுத்த கல்லூரியில் இன்னொரு 24 எலிகள் அதே விடைக்காகச் சாகும். கல்லீரல், சிறுநீரகம், கணையம், கொழுப்புத் திசு நான்கையும் சிறு துண்டுகளாக்கி மைனஸ் 80 டிகிரியில் வைத்து, எந்தக் குழு, எந்த நாள், எத்தனை மணி நேரப் பட்டினி என்று குப்பியின்மேல் அழியாத மையில் எழுதி, பட்டியலைத் துறையின் பொதுப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் கூண்டைத் திறக்கும் முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.